மதியத்துக்கென்று ஒரு பெஞ்சு

படூரில் நீங்கள் திறந்திருக்கும் புது கருத்தரிப்பு சென்டரைப் போன வாரம் சுற்றிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ஏசி இருக்கிறது, மீன் தொட்டி இருக்கிறது, டோக்கன் நம்பரைக் கூப்பிட ஒரு மிஷின் இருக்கிறது. செங்கல்பட்டில் எங்கள் நர்சிங் ஹோமில் அந்த மிஷின் நான்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ்களுக்கும் கவுன்சிலிங் பெண்களுக்கும் ஏதாவது பேசுங்கள் சிஸ்டர் என்று கேட்டீர்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குப் பாதி மறந்துவிடும். அதனால் எழுதித் தருகிறேன். ஓய்வு பெற்றவள் எழுதுவது நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சிகிச்சையில் கரு தங்கி, கொஞ்ச நாளிலேயே ரத்தம் பட்டுவிட்டது என்று ஒருத்தி உங்கள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால், அவளை எங்கே உட்கார வைப்பீர்கள்? மாத்திரை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று நீங்கள் கடகடவென்று ஒப்பிப்பீர்கள் என்று தெரியும். அதெல்லாம் உங்கள் டாக்டர் பார்த்துக்கொள்வார். நான் நாற்காலியைக் கேட்கிறேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் டாக்டரம்மா நாற்காலி விஷயத்தில் ரொம்பக் கறார். குழந்தைக்காக வருகிறவர்களை அவர் இரண்டு வேளையாகப் பிரித்து வைத்திருந்தார். காலை வேளை ‘இரண்டாம் நாள்’ பெண்களுக்கு. மாதவிலக்கு வந்துவிட்டால், அதாவது அந்த மாதத்து முயற்சி பலிக்கவில்லை என்றால், கருவைத் தாங்கக் கொடுத்திருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் வர வேண்டும். ஸ்கேன் பார்த்து அடுத்த சுற்றைத் தொடங்குவோம். சாயங்கால வேளை கரு தங்கியவர்களுக்கு. தோற்றுப்போன காலையில் எதிர் பெஞ்சில் யாருடைய வயிற்றையும் ஒருத்தி பார்க்கும்படி ஆகக் கூடாது என்பது டாக்டரம்மாவின் எண்ணம். ஊர் ஊராகக் கற்றுக்கொண்டு வந்த டாக்டர்கள் பலர் இருக்கிறார்கள். இதை யோசித்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

ஆனால் இதனால் ஒன்று நடந்தது. காலைப் பெண்களுக்குச் சாயங்காலம் என்பது ஏதோ வெளிநாடு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலத்தில் ஃபேன் வேகமாகச் சுற்றுமாமே சிஸ்டர் என்று கேட்பார்கள். அதே ஃபேன்தான் அம்மா, அதே கடகட சத்தம்தான் என்பேன். நம்ப மாட்டார்கள்.

அப்படி வருஷக்கணக்கில் காலையிலேயே வந்துகொண்டிருந்தவள் ஸ்டெல்லா. இது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்களில் நடந்தது. அவளுக்குத் திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு காலனி. அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவள் பிளஸ் டூ முடித்து, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஒரு கார் சாமான் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். லைனில் வரும் பிளாஸ்டிக் பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லதா கெட்டதா என்று பிரித்துப் போடும் வேலை. புருஷன் மோசஸ் லோடு ஆட்டோ ஓட்டினான். ஸ்டெல்லா அதிகம் பேச மாட்டாள், ஆனால் சொன்னதை அப்படியே செய்வாள். எங்களுக்கு அப்படிப்பட்டவர்களை ரொம்பப் பிடிக்கும். அந்த ஒழுங்குதான் ஒரு நாள் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

அன்றும் காலை வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையை நிறுத்தியாயிற்று, இன்றைக்கு இரண்டாம் நாள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த சுற்றுக்குத் தயாராக இருந்தாள். டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை கூட்டம் இருந்தாலும், ஸ்கேன் மேஜையில் ஏற்றும் முன் ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார். எப்பவும் போல வந்ததா, வேற மாதிரியா? பெரும்பாலும் எப்பவும் போலத்தான் என்று பதில் வரும். ஸ்டெல்லா யோசித்துச் சொன்னாள்.

“வேற மாதிரி தான் டாக்டர். கொஞ்சூண்டு, காபி கலர்ல கீது. ஆனா வந்துட்சில்ல, அதான் மாத்திரய நிறுத்திட்டேன்.”

டாக்டரம்மா ஸ்கேன் கருவியைக் கீழே வைத்துவிட்டு, சிறுநீர் பரிசோதனை செய்யச் சொன்னார். பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு வந்தது, கரு தங்கியதற்கு அடையாளம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். சிகிச்சைக்கே வராத பெண்ணுக்கு நாள் தள்ளிப் போனால் உடனே ஆசை வரும். நம்மிடம் வருகிறவர்கள் அப்படியில்லை. ஒரு சொட்டு பட்டதும் முடிந்தது என்று தாங்களே தீர்ப்பு எழுதி, துடைத்துப் போட்டுவிட்டு, அடுத்த மாதத்துக்கு வந்து வரிசையில் நிற்பார்கள். அழக்கூட மாட்டார்கள். அப்படி அவர்களைப் பழக்கியது நாம்தான். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால், கருவைச் சுமந்துகொண்டே அடுத்த சுற்று மாத்திரையை வாங்கிக்கொண்டு ஸ்டெல்லா வீட்டுக்குப் போயிருப்பாள். ஆகவே பெண்களே, இரண்டாம் நாள் என்று வந்து நிற்பவளிடம் முதலில் அதைக் கேளுங்கள். கேட்க அரை நிமிஷம் ஆகாது.

ஸ்டெல்லா துள்ளிக் குதிக்கவில்லை. அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு, அப்போ இந்த ரத்தம் என்ன என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு, ஒண்ணும் ஆகாதும்மா என்று சொல்லிவிடத் துடித்தது. டாக்டரம்மா சொல்லவில்லை.

“கருவும் இருக்கு, ரத்தமும் இருக்கு. நிறைய பேருக்கு ரத்தம் நின்னு கரு நிக்கும். சில பேருக்கு நிக்காது. உனக்கு எதுன்னு இன்னிக்கு எனக்குத் தெரியாது, ஸ்டெல்லா.”

நிறுத்திய மாத்திரையை மறுபடியும் தொடங்கச் சொன்னார். துணி நனைய நனைய ரத்தம் போனாலோ, ஒரு பக்கமாகச் சுருக்கென்று வலித்தாலோ, தோள்பட்டை வலித்தாலோ, தலை சுற்றினாலோ எந்த நேரம் என்று பார்க்காமல் ஓடிவா, கரு குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து என்று நிதானமாகச் சொன்னார். ஸ்டெல்லா எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். பிறகு கதவருகே போய்த் திரும்பி நின்று ஒன்று கேட்டாள்.

“நான் இனிமே காலைல வர்றதா, சாயங்காலம் வர்றதா?”

 கரு தங்கியவள், ஆகவே சாயங்காலம் வர வேண்டும். ஆனால் ரத்தம் படுகிறவளை மசக்கைக்காரிகளுக்கு நடுவில் உட்கார வைத்தால் அவள் என்ன ஆவாள்? அவளைப் பார்த்து அவர்கள்தான் என்ன ஆவார்கள்? காலையில் உட்கார வைத்தால், நீ தோற்றுவிட்டாய் என்று நாமே சொல்லிவிட்ட மாதிரி ஆகும். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மதியம் வா, நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், பரவாயில்லை என்றார்.

அப்படித்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் மதியம் என்று ஒரு வேளை பிறந்தது. டாக்டரம்மாவுக்குக் காலையிலிருந்து நின்ற கால் வலிக்கும். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் சாய்ந்தால்தான் சாயங்காலம் ஓடும். அந்தச் சாய்வை அவர் அன்றோடு விட்டார், அதற்காக யாரிடமும் அலுத்துக்கொள்ளவும் இல்லை. மருந்து பீரோவுக்குப் பக்கத்தில் நடையில் கிடந்த பெஞ்சைத் துடைத்துப் போட்டேன். வெளிக்கதவைச் சாத்தியிருப்போம். மணி அடித்தால் நான் போய்த் திறப்பேன்.

அந்த பெஞ்சுக்கு ஒரு வாரத்திலேயே இன்னொருவரும் வந்தார். சுபா. கடற்கரைப் பக்கத்து டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். கணவர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். சென்னையில் சோதனைக் குழாய் சிகிச்சை செய்துகொண்டு, பயணம் வேண்டாம் என்பதற்காக அடுத்த கட்டத்தை எங்களிடம் பார்த்துக்கொள்ள வந்தவர். அவருக்கும் கரு தங்கிய கொஞ்ச நாளில் ரத்தம் பட்டிருந்தது. காரில் வந்து இறங்குவார், கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார், அதைக் கழற்றினால் கண் வீங்கியிருக்கும். முதல் நாள் ஸ்டெல்லா ஒரு முனையில், சுபா மறு முனையில். நடுவில் ஒரு ஆள் படுத்து உருளலாம்.

இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் விட்டது சரிதானா என்று எனக்குள் உதைத்துக்கொண்டே இருந்தது. ஒருத்தியின் ஸ்கேனை இன்னொருத்தி கேட்பாள், ஒப்பிடுவாள், இருவருக்கும் நரகமாகும் என்று நினைத்தேன். ஸ்டெல்லா ஒப்பிடவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இன்னிக்கு இன்னா கலருக்கா?”

சுபா திகைத்துப் போய் அவளைப் பார்த்தார். பிறகு, பழுப்புதான் என்று மெதுவாகச் சொன்னார். எனக்கும் அதான் என்றாள் ஸ்டெல்லா. அவ்வளவுதான் பேச்சு. ஆனால் குவார்ட்டர்ஸில் எல்லோரிடமும் காய்ச்சல் என்று பொய் சொல்லிக்கொண்டு, புருஷனிடம்கூட வாய் திறந்து சொல்லக் கூசிய அந்தப் பெண், அன்று வீட்டுக்குப் போகும்போது என்னிடம் சிரித்துவிட்டுப் போனார். நீங்கள் கவுன்சிலிங்குக்குப் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் இந்தக் கேள்வியையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டால் அழுகைதான் வரும். என்ன நிறம் என்று கேட்டால் பதில் வரும்.

அடுத்த முறை ஸ்டெல்லா கம்பெனியிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர் இரண்டு கொண்டு வந்தாள். தன் ஸ்கேன் ஃபைல் மேல் ஒன்றை ஒட்டினாள், சுபாவைக் கேட்டு அவர் ஃபைல் மேல் ஒன்றை ஒட்டினாள். இது என்ன கூத்து என்று கேட்டேன்.

“எங்க கம்பெனில பாஸுக்கு ஒரு பெட்டி, ரிஜெக்ட்டுக்கு ஒரு பெட்டி சிஸ்டர். ரெண்டுலயும் சேராத பீஸு வரும்ல? அத மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டி தனியா வெச்சிருவோம். ஹோல்டு. ரிசல்ட்டு வர்ற வரிக்கும் அத நல்லதுன்னும் சொல்லக்கூடாது, கெட்டதுன்னும் சொல்லக்கூடாது. யாரும் தொடக்கூடாது.”

சுபா அந்த ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தயிர்சாத டப்பாவோடு எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கும் நாலு கொண்டு வா என்றார்.

ஸ்டெல்லாவுக்குத் தொல்லை வீட்டில் இருந்தது. அவளுடைய நாத்தனார், மோசஸுக்கு அக்கா, வேறொரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். எல்லாம் தெரிந்தவர். ரத்தம் என்றதும் கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்திவிட்டார். தலை கீழே, கால் மேலே. எழுந்து நடந்தால் நழுவிவிடும் என்று உத்தரவு. இரண்டு நாளில் ஸ்டெல்லாவுக்குத் தலைவலி தாங்கவில்லை. செங்கலை எடுத்துச் சுவர் கட்டச் சொல்லு என்றார் டாக்டரம்மா. பாரம் தூக்காதே, ஆட்டோவில் குலுங்காதே, புருஷன் கொஞ்ச நாள் தள்ளிப் படுக்கட்டும், மற்றபடி உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போ, நடக்க வேண்டிய அளவுக்கு நட. நிற்கிற கரு நீ நடந்ததால் போகாது, போகிற கரு நீ படுத்ததால் நிற்காது என்றார். அந்தக் காலத்தில் இப்படிச் சொன்ன டாக்டர்கள் குறைவு. எல்லோரும் படுக்கையில் கட்டிப்போடுவார்கள். ரத்தம் நின்றுவிட்டால் படுக்கைக்கு நல்ல பெயர், நிற்காவிட்டால் எழுந்து நடந்தாள் என்று அவளுக்குக் கெட்ட பெயர். எப்படிப் பார்த்தாலும் பழி பெண்ணின் தலையில்தான் விழும். அந்தப் பழியை எங்கள் டாக்டரம்மா முதலிலேயே எடுத்துவிட்டார்.

முதல் ஸ்கேனில் பை தெரிந்தது. கர்ப்பப்பைக்குள்தான் இருந்தது, அந்த மட்டும் நிம்மதி. ஆனால் துடிப்பு தெரியவில்லை. பை எதிர்பார்த்ததைவிடச் சிறிதாகவும் இருந்தது. இன்றைக்குத் தெரியாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சுபாவுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான். அடுத்த வாரம் இரண்டு பேரையும் ஒரே மதியத்தில் வரச் சொன்னோம்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆராதனை நடுவில் ஸ்டெல்லாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. இந்த முறை காபி நிறம் இல்லை, பளிச்சென்ற சிவப்பு. மோசஸ் லோடு ஆட்டோவில் மெத்தையைப் போட்டுப் படுக்கச் சொன்னானாம். பின்னால் குலுங்கும் என்று அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மெத்தையில் நாத்தனார் உட்கார்ந்து வந்தார். ஞாயிறு எங்களுக்கு விடுமுறை, டியூட்டிக்கு நான் மட்டும் இருந்தேன். நான் போன் செய்து பத்து நிமிஷத்தில் டாக்டரம்மா வீட்டுப் புடவையோடு வந்துவிட்டார்.

சோதித்துப் பார்த்தார். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தது. ஸ்கேனில் பை இருந்த இடத்தில் இருந்தது. அதன் ஓரத்தில் ரத்தம் கட்டியிருந்தது. துடிப்பு இன்னும் தெரியவில்லை. நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருந்தன. வெளியே வந்து இதை அப்படியே சொன்னார்.

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ கேஸ் பார்த்தவள் நான், இவ்வளவு சிவப்பாகப் போன பிறகு என்ன மிச்சம் இருக்கும், உள்ளே தங்கிக் காய்ச்சல் வந்து செத்தவளையும் பார்த்திருக்கிறேன், இன்றைக்கே டிஎன்சி பண்ணி, கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தமாக்கிவிடுங்கள் என்று சண்டைக்கு நின்றார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பயம் நிஜப் பயம். தம்பி பெண்டாட்டி செத்துவிடக் கூடாது என்கிற பதைப்பு. மோசஸோ சட்டையில் ரத்தக் கறையோடு நின்றுகொண்டு, எனக்குப் பிள்ளை வேண்டாம் டாக்டர், இவள் இருந்தால் போதும், பண்ணிவிடுங்கள் என்று அழுதான்.

எல்லோரும் ஒன்றைக் கேட்கிறார்கள். செய்வது ரொம்ப சுலபம். செய்துவிட்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. போன கருவைத்தான் எடுத்தோம் என்று உலகமே நம்பும். செய்யாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் எங்கள் கண்ணாடி ஜன்னல் ஒன்றும் மிஞ்சாது. டாக்டரம்மா நாத்தனாருக்கு நேராக வந்து நின்று சொன்னார். 

“உள்ள இருக்கறது போயிடுச்சான்னு எனக்கு இன்னிக்குத் தெரியல. தெரியாம கை வைக்க மாட்டேன். அவ உயிருக்கு ஆபத்துன்னா அடுத்த நிமிஷம் வைப்பேன். இப்ப ஆபத்து இல்ல.”

வேறு இடத்தில் காட்ட வேண்டுமானால் இப்போதே எழுதித் தருகிறேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஸ்டெல்லாதான் சொல்ல வேண்டும் என்றார். உள்ளே படுத்திருந்தவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். திரையை விலக்கினேன். முகம் வெளுத்திருந்தது. நாத்தனாரைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“அது ஹோல்டுல கீது அண்ணி. ரிசல்ட்டு வர்ல. யாரும் தொட வேணாம்.”

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு எதிராக அவரால் பேச முடியவில்லை. சாயங்காலம் வரை அவளைக் கட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். ரத்தம் குறைந்தது. வீட்டுக்குப் போகும்போது நாத்தனார் முன் சீட்டை அவளுக்குத் துடைத்துக் கொடுத்தார்.

எத்தனையோ பேர் நம்பிக்கையோடு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். எத்தனையோ பேர் இடிந்து போவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் இல்லாமல், தெரியாததைத் தெரியாததாகவே மடியில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், சோறாக்கி, ராத்திரி படுத்துத் தூங்கிய ஒருத்தியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சொல்லப்போனால் எனக்கே அது வராது. அவளை நினைத்தால் இப்போதும் எனக்கு மரியாதை பொங்குகிறது.

அந்த மதியம் வந்தது. இரண்டு பேரும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லாவை முதலில் கூப்பிட்டேன். டாக்டரம்மா ஸ்கேன் கருவியை மெல்ல நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார். கண் சிமிட்டுகிற மாதிரி ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பி பஞ்சை எண்ணுகிற மாதிரி நின்றேன். அழுகிற நர்ஸைப் பார்த்தால் நோயாளிக்குப் பயம் வந்துவிடும், அதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்னும் கொஞ்ச நாள் ரத்தம் படலாம், பயப்படாதே, வழக்கம்போல் மாத்திரை போடு என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா சிரித்துக்கொண்டே அந்த வார்த்தையைச் சொன்னார். “அடுத்த வாரம் சாயங்காலம் வா.”

வருஷக்கணக்காக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. ஸ்டெல்லா கையெடுத்துக் கும்பிட்டாள். எழுந்து வெளியே போய், சுபா உள்ளே போய்த் திரும்பி வரும் வரை பெஞ்சிலேயே இருந்தாள். சுபாவுக்குத் துடிப்பு தெரியவில்லை. பையும் வளர்ந்திருக்கவில்லை. சோதனைக் குழாய் சிகிச்சை என்பதால் அவருக்கு நாள் கணக்கு சந்தேகத்துக்கு இடமில்லாதது, அதனால் டாக்டரம்மாவுக்கு ஓரளவு புரிந்துவிட்டது. இருந்தாலும் இன்னொரு முறை பார்க்காமல் முடிவு சொல்வதில்லை என்பது அவர் வழக்கம். நல்லபடியாகத் தெரியவில்லை, ஆனால் அடுத்த வாரம் மதியம் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று உள்ளதைச் சொல்லி அனுப்பினார். சுபா கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கழுவுகிற இடத்துக்குப் போனார். ஸ்டெல்லா பின்னாலேயே போனாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. கார் புறப்பட்டுப் போன பிறகு ஸ்டெல்லா மறுபடியும் டாக்டரம்மா அறைக்கு வந்து நின்றாள். நான் அடுத்த வாரமும் மதியமே வரட்டுமா, அந்த அக்கா தனியாக உட்கார்ந்திருப்பாங்க என்றாள்.

எனக்கு இது பிடிக்கவில்லை. குழந்தை தங்கிவிட்டவள் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பெண்ணுக்கு இன்னும்தானே வலிக்கும்? டாக்டரம்மாவுக்கும் அதே யோசனைதான், ஆனால் அவர் கேட்டது வேறு. அவங்களைக் கேட்டாயா?

“கேட்டேன் டாக்டர். எனக்கு துடிப்பு தெரிஞ்சத சொன்னேன். நான் வர்லாமா வேணாமான்னு கேட்டேன். வான்னாங்க.”

பாருங்கள், மறைக்கவில்லை. தானாக முடிவு பண்ணவும் இல்லை. வருவதா வேண்டாமா என்பதை வலிக்கப்போகிறவர் கையில் கொடுத்துவிட்டாள். நீங்கள் நாலு வருஷம் படித்து வாங்கிய பட்டத்தில் இது ஒரு பாடமாக இருந்தால் சந்தோஷம்.

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். ஃபைல்கள் மடியில், இரண்டிலும் மஞ்சள் ஸ்டிக்கர். அன்று ஸ்டெல்லா நிறம் கேட்கவில்லை. சுபாவின் கணவர் கூட வந்திருந்தார், நின்றுகொண்டே இருந்தார். ஸ்கேனில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது. டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, கரு வளரவில்லை, நீங்கள் செய்த எதனாலும் இது ஆகவில்லை, செய்யாமல் விட்ட எதனாலும் ஆகவில்லை என்று சொன்னார். அதை இரண்டு முறை சொன்னார். அவசரப்படுத்தவில்லை. என்ன செய்வது, எப்போது செய்வது என்று அவர்களே யோசித்துச் சொல்லட்டும் என்றார்.

சுபா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.  கடவுள் இருக்கிறார் என்றோ, அடுத்த முறை கண்டிப்பாக நடக்கும் என்றோ ஸ்டெல்லா சொல்லவில்லை. சும்மா பக்கத்தில் இருந்தாள். சுபா அழுதார், ஸ்டெல்லாவும் அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவை யாரும் திறக்காதபடி சாத்திக்கொண்டு வெளியே நின்றேன்.

ஸ்டெல்லாவுக்குப் பெண் பிறந்தது. சுபாவின் மிச்சக் கதை அவருடையது, அதைச் சொல்ல எனக்கு அவர் அனுமதி இல்லை. உங்கள் புது சென்டரில் மீன் தொட்டிக்குப் பின்னால் ஒரு மூலை காலியாக இருப்பதைப் பார்த்தேன். அங்கே ஒரு பெஞ்சு போடுங்கள். உங்கள் டாக்டர் எந்த நேரத்தில் சாப்பிடுகிறாரோ அந்த நேரத்தை அதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள். நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இருவரும் அழுத அன்றைக்கு, கடைசியில் நான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தபோது, சுபா ஸ்டெல்லாவின் ஃபைலை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தார். நகத்தால் சுரண்டி அந்த மஞ்சள் ஸ்டிக்கரை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல உரித்தார். கிழியாமல் வந்தது. அதை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்.

“போதும்ட்டி. நீ இனிமே சாயங்காலம் வா, கேட்டியா.”

அடுத்த வாரம் ஸ்டெல்லா சாயங்காலம் வந்தாள்.